எறிவதற்கு ஓர் ஆள்

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் எனக்கு ஒரு பாராட்டு விழா நடத்தினார்கள். நான்கு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஜமக்காளம் விரித்ததுதான் மேடை. பின்னால் கட்டியிருந்த துணியில் ‘ஐந்து நாடுகளில் ஆடிய ஆவடியின் மைந்தனே வருக’ என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. அந்த ஐந்து நாடுகளிலும் நான் இருந்தேன் என்பது உண்மை. ஆடினேன் என்பதுதான் பொய். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு ஆட்டத்தில் பாதி ஆடினேன், அதைப் பிறகு சொல்கிறேன். அன்றைக்கு நான் எழுந்து நின்று சால்வையை வாங்கிக்கொண்டேன். முன்வரிசையில் என் அப்பா கைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக்கு டர்னராக வந்தவர். முப்பது வருடம் இரும்பைக் கடைந்தார். எங்களைப்போலக் கோயம்புத்தூர், மதுரை, வேலூர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்த குடும்பங்கள்தான் குவார்ட்டர்ஸ் முழுவதும். பையன்கள் எல்லாருக்கும் ஒரே மைதானம். கிரிக்கெட்டும் கபடியும் ஆடிக்கொண்டிருந்தோம். நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் பி.டி. மாஸ்டர் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு ஒரு பந்தோடும் ஒரு விதிப் புத்தகத்தோடும் வந்தார். ஹேண்ட்பால். கால்பந்தைக் கையால் ஆடுவதுபோல என்று அவர் விளக்கினார். பக்கத்துக்கு ஏழு பேர், இரண்டு கோல், கோலுக்கு முன்னால் வளைவாக ஒரு ஆறு மீட்டர்க் கோடு. அந்தக் கோட்டுக்குள் கோல்கீப்பர் ஒருவன்தான் நிற்கலாம். எறிபவர்கள் கோட்டுக்கு வெளியிலிருந்து குதித்து, காற்றில் இருந்தபடியே எறிவார்கள். கீப்பருக்குக் கையுறை கிடையாது.

பழைய இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து கோல் போஸ்ட் நட்டார்கள். கோலில் யார் நிற்பது என்று மாஸ்டர் கேட்டபோது இரண்டு பேர் கை தூக்கினோம். நான் ஒருவன். இன்னொருவன் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் பல தலைமுறையாக விவசாயம் செய்த குடும்பத்துப் பையன். அவர்கள் நிலத்தில் பாதி அப்போதே பிளாட்டாகிவிட்டது. மிச்சத்தில் கீரை போட்டு அவன் அம்மா ஸ்டேஷன் வாசலில் விற்றார். நான் அவனைவிட அரை அடி உயரம். அதனால் நான் முதல் கீப்பர் ஆனேன், அவன் இரண்டாவது. ஏழு வருடம் அது மாறவே இல்லை. பள்ளியில், மாவட்ட அணியில், பிறகு மாநில அணியில் என்று எங்கே போனாலும் நான் கோலில் நிற்பேன், அவன் பெஞ்சில் இருப்பான். ஆட்டத்துக்கு முன்னால் எனக்குக் கை சூடாவதற்காக அவன்தான் பந்து எறிவான். நல்ல சிநேகிதன் என்றுதான் அவனைப் பற்றி எல்லாரிடமும் சொல்வேன்.

எங்கள் இருவருக்குமே விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க் வேலை கிடைத்தது. காலையில் ஒரே ரயிலில் போவோம். மதியத்துக்கு மேல் பயிற்சிக்கு விட்டுவிடுவார்கள். எண்பதுகளின் நடுவில் வடநாட்டில் ஒரு போட்டிக்குப் போயிருந்தபோது வளைகுடாவிலிருந்து ஒரு கிளப் அணி நட்பு ஆட்டம் ஆட வந்தது. அவர்கள் எறிந்த மாதிரி யாரும் எறிந்து நான் அதுவரை பார்த்ததில்லை. பந்து வருவது தெரியாது, போஸ்டில் பட்ட சத்தம்தான் கேட்கும். அந்த ஆட்டத்தில் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, கையும் காலும் தாமாகப் போய்ப் பந்தின் குறுக்கே நின்றன. தோற்றுத்தான் போனோம். ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய கோச், ஐரோப்பியர், சிகரெட் பிடித்து விரல் மஞ்சளானவர், நேராக என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகவரி எழுதி வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருடம் மண்ணடியில் ஒரு டிராவல்ஸ் மூலமாகக் கடிதம் வந்தது. பஹ்ரைனில் அந்த கிளப்புக்கு வரச் சொல்லி. கடிதத்தில் ‘கோல்கீப்பர்’ என்ற வார்த்தை இருந்தது. அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை தரம் படித்திருப்பேன்! வேலையை ராஜினாமா செய்யப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சர்க்கார் உத்தியோகத்த விட்டுட்டு பந்து புடிக்கப் போறேங்கிற. எத்தன வருசம்லே புடிப்ப?”

“பத்து வருஷம் ஆடலாம்ப்பா.”

“பொறவு?”

அவர் மேலே கேட்காமல் ரசம் ஊற்றிக்கொண்டார். ஆனால் அடுத்த வாரமே தொழிற்சாலையில் அவர் ஷிஃப்டில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மீனம்பாக்கத்துக்கு வழியனுப்ப வந்த சிநேகிதன் என் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, “நீ போ மாமே. இங்க நான் பாத்துக்கறேன்” என்றான். எவ்வளவு அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பஹ்ரைனில் அந்த உள்ளரங்கத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டேன். மரத் தரை, கண்ணாடிபோல. நாங்கள் மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடியவர்கள். அவர்கள் விரல்களில் பிசின் தடவிக்கொண்டு எறிந்தார்கள், பந்து கையில் ஒட்டி நின்று கடைசி நொடியில்தான் விடுபடும். எனக்கு ஒரு பச்சைச் சட்டை கொடுத்தார்கள். முதுகில் எண் இல்லை. தைப்பதற்கு மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கிளப்பில் உள்ளூர்க்காரர்களாக இரண்டு கீப்பர்கள் இருந்தார்கள். மூன்றாவதாகத் தொடங்கி மேலே வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முதல் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குப் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். இரண்டாவது வெள்ளிக்கிழமையும் அதுவே. மூன்றாவது வாரம் கோச்சிடம் போனேன். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்.

“எனக்கு எப்போது ஆட்டம்?”

“உனக்கு ஆட்டம் என்று யார் சொன்னது?”

“கடிதத்தில் கோல்கீப்பர் என்று போட்டிருந்ததே.”

“கோல்கீப்பர்தான். பயிற்சிக்கு.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உட்காரவைத்து விளக்கினார். லீகில் வெளிநாட்டுக்காரன் ஆட அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் அவருக்கு அவருடைய கீப்பர்கள் இருக்கிறார்கள். “என் ஆட்கள் தினமும் எறிந்துகொண்டே இருக்க வேண்டும். என் கீப்பர்களை நிறுத்தி எறிந்தால் வெள்ளிக்கிழமை அவர்களால் கை தூக்க முடியாது. வெறும் கோலில் எறிந்தால் என் ஆட்கள் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். எறிவதற்கு ஓர் ஆள் வேண்டும். நல்ல ஆளாக வேண்டும். அதனால்தான் உன்னை அவ்வளவு தூரத்திலிருந்து கூட்டிவந்தேன்” என்றார். என்னைப் பாராட்டுவதாகவே அவர் நினைத்தார் என்று இப்போது தோன்றுகிறது.

திரும்பி வந்திருக்கலாம். என் பாஸ்போர்ட் கிளப் மேனேஜரின் அலமாரியில் இருந்தது, கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. மாலை போட்டு வழியனுப்பியவர்கள் முன்னால் இரண்டே மாதத்தில் எந்த முகத்தோடு போய் நிற்பது? ஒரு பருவம் பார்ப்போம், விதி மாறும், யாருக்காவது அடிபடும் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது கீப்பர் நல்ல மனிதர். அவரிடம் பன்னிரண்டாம் எண் போட்ட சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு கோலில் நின்று ஒரு போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டதாகப் பதில் எழுதினார். ‘உன் நம்பர் பன்னிரண்டா, ராசியான நம்பர்தான்’ என்று ஒரு வரி. பொய் அங்கே தொடங்கியது.

பயிற்சி என்றால் சாயங்காலம் இரண்டு மணி நேரம். ஒருவர் பின் ஒருவராக ஓடிவந்து குதித்து எறிவார்கள். நான் நிற்பேன். நடுவில் தடுப்பதற்கு யாரும் இல்லை. ஆறு மீட்டர் தூரத்தில் அவர்கள், பின்னால் வலை. ஆட்டத்தில் ஒருவன் எறிந்த பந்து கீப்பரின் முகத்தில் பட்டால், எறிந்தவன் ஓடிவந்து கை கொடுத்து மன்னிப்புக் கேட்பான். எல்லா ஊரிலும் அது மரியாதை. பயிற்சியில் என் முகத்தில் பட்டபோது யாரும் வந்ததில்லை. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். வரிசையில் அடுத்தவன் ஓடிவரத் தொடங்கியிருப்பான், அவ்வளவுதான். இரண்டு சுண்டுவிரல்களும் முதல் வருடத்திலேயே கோணிவிட்டன. இடது காதில் ஒரு பந்து பட்டதிலிருந்து அந்தப் பக்கம் பேசினால் இன்றுவரை எனக்குப் பாதிதான் கேட்கும். வெள்ளிக்கிழமைகளில் நான் தடுத்துத் தடுத்துப் பழக்கிய கைகள் கோல் போடும்போது பெஞ்சுக்குப் பின்னால் பந்துப் பையோடு உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாவது கோடையில் கிளப் பயிற்சி முகாமுக்காக யூகோஸ்லாவியா போனது. என்னையும் கூட்டிப் போனார்கள். மலையடிவாரத்தில் சின்ன ஊர். செங்கல் கட்டிய பழைய அரங்கம், தரையில் எண்ணெய் வாசனை. அந்த ஊர் கிளப்போடு ஒரு பயிற்சி ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. முதல் கீப்பருக்கு அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் அறையிலேயே படுத்துவிட்டார். இரண்டாவது கீப்பருக்கு இடைவேளைக்குச் சற்று முன்னால் கணுக்கால் பிசகியது. கோச் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“போ” என்றார்.

எண் இல்லாத சட்டையோடுதான் இறங்கினேன். பயிற்சி ஆட்டம் என்பதால் யாரும் கேட்கவில்லை. முப்பது நிமிடம். எனக்கு முன்னால், மூன்று வருடத்துக்குப் பிறகு, தடுப்பு வரிசை ஒன்று நின்றது. ஆறு பேர் முதுகு. ஹேண்ட்பாலில் கோல்கீப்பர்தான் அந்த ஆறு பேருக்கும் பின்னாலிருக்கும் கண். எந்தப் பக்கம் ஓட்டை விழுகிறது, யார் ஏறிப் போய் மறிக்க வேண்டும் என்று அவன்தான் கத்த வேண்டும். எனக்கு அரபி நாலு வார்த்தை தெரியும். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது தமிழ். “லெப்ட்ல பாரு! ஏறு, ஏறு! உள்ள உடாத!” என்று ஆவடி மைதானத்தில் கத்துகிற மாதிரியே கத்தினேன். அவர்களுக்கு அது புரிந்தது. இடப்பக்கம் மூடிக்கொண்டது. பந்து எங்கே வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. அத்தனை வருடம் அத்தனை பேர் எறிந்ததை வாங்கியவன். அந்த ஊர்க்காரர்கள் எறிந்தது எனக்கு மெதுவாக வருவதுபோல இருந்தது. காலால், தோளால், விரல்நுனியால் தள்ளினேன். மரப்படிகளில் உட்கார்ந்திருந்த ஐம்பது அறுபது பேர் ஒரு கட்டத்தில் எழுந்து நின்று எனக்காகத் தட்டினார்கள். தங்கள் ஊர் அணி எங்கள் கோலுக்கு வந்தபோதெல்லாம், இதுவும் போகாது என்று அவர்களே சிரித்தார்கள். ஜெயித்தோம். வெளியே வரும்போது ஒரு வயதானவர் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். விடவே இல்லை. யாராவது மொழிபெயர்ப்பார்களா என்று கோச்சைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “நீ நன்றாக ஆடினாய் என்கிறார்” என்றார்.

அடுத்த நாள் காலையில் முதல் கீப்பர் எழுந்துவிட்டார். நான் பழையபடி கோலில் நின்றேன், அவர்கள் எறிந்தார்கள்.

அதற்கடுத்த வருடம் ஹங்கேரியில் முகாம். அதற்கடுத்த வருடம் கோச்சின் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பினார். அவருடைய பெட்டிகளை நான்தான் காருக்கு எடுத்துப் போனேன். டிக்கியை மூடியதும் அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, “ஒன்று சொல்ல வேண்டும்” என்றார். “அந்த மலை ஊர் ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் உன்னைக் கேட்டார்கள்.”

“என்னையா? எதற்கு?”

“ஆடுவதற்கு. ஒரு வருடத்துக்கு. சின்ன கிளப்தான், இரண்டாம் டிவிஷன். அறை தருவதாகச் சொன்னார்கள். அந்தக் கிழவர்தான் தலைவர்.”

“மேனேஜர் விடவில்லையா?”

“மேனேஜருக்குத் தெரியாது. என்னிடம்தான் கேட்டார்கள். உனக்கு விருப்பமில்லை என்று நானே சொல்லிவிட்டேன்.” புகையை ஊதினார். “எனக்கு நீ வேண்டியிருந்தாய். உன்னைப்போல அசையாமல் நிற்கிற ஆளை நான் எங்கே போய்த் தேடுவது?”

அவர் கையை நீட்டினார். இத்தனை வருடமாக நினைவில் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. நான் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். “தேங்க் யூ சார்” என்றேன். அவர் காருக்குள் உட்கார்ந்ததும் கதவைக்கூட நான்தான் சாத்தினேன்.

அந்த வருடம் விடுப்பில் வந்தபோது கல்யாணம் ஆனது. பெண் கொரட்டூர். சட்டம் போட்ட போட்டோவைப் பார்த்துத்தான் அவர்கள் வீட்டில் சம்மதித்தார்கள். அப்பா ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்து பட்டாபிராமில் வாடகை வீடு பார்த்திருந்தார். மனைவியை அங்கே விட்டுவிட்டு ஷார்ஜாவில் ஒரு கிளப்புக்குப் போனேன், பிறகு ஓமனுக்கு. இந்த முறை எதற்காகப் போகிறேன் என்று தெரிந்தேதான் போனேன். “ஏன்லே உம் பேரு இங்க பேப்பர்ல வரவே மாட்டேங்கு?” என்று அப்பா ஒரு முறை கேட்டார். “அங்க அரபியிலதான்ப்பா போடுவான்” என்றேன். அவர் தலையாட்டினார். முழங்கால் தேய்ந்து, குனிந்தால் எழுந்திருக்க நேரமாகிறது என்றானதும் ஓமன்காரர்கள் கை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எட்டு வருடம் ஆகியிருந்தது.

பாராட்டு விழா அப்போதுதான் நடந்தது. ஏற்பாடு செய்தவன் என் சிநேகிதன். நான் விட்டுப்போன கோலில் அவன் எட்டு வருடம் நின்றிருந்தான். மாநில அணிக்குக் கேப்டனாகி, அலுவலகத்தில் இரண்டு பதவி உயர்வு வாங்கி, ஹவுசிங் போர்டில் வீடு வாங்கி, கொஞ்சம் தொப்பையும் போட்டிருந்தான். விழா முடிந்ததும் பழைய ஆட்டக்காரர்களுக்கும் இப்போதைய அணிக்கும் ஒரு காட்சி ஆட்டம் வைத்திருந்தார்கள். பழைய அணிக் கோலில் நான் நின்றேன். அவன் விசிலோடு நடுவராக இருந்தான். முழங்கால் வலித்தாலும் கை வேலை செய்தது. பார்க்க வந்தவர்கள் கத்தினார்கள். அப்பா எழுந்து நின்றே பார்த்தார்.

முடிந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

“இன்னா மாமே, ஒரு வார்த்த கூட பேசல நீ?”

“யார்கிட்ட?”

“உன் முன்னாடி நின்னவங்ககிட்ட. முன்னல்லாம் நீ கோல்ல நின்னா உன் சவுண்டு ரயில்வே கேட்டு வரிக்கும் கேக்கும். இன்னிக்கு லெப்ட்ல ஒருத்தன் சும்மா பூந்து பூந்து வந்துகினே கீறான், நீ பாத்துகினே நிக்கிற.”

நான் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவன் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. தடுப்பு வரிசை இல்லாத கோலில் எட்டு வருடம் வாய்மூடி நின்றவன் நான்.

“அங்க பாஷை தெரியாதுடா. கத்துறது விட்டுப்போச்சு.”

“பாஷ தெரியாதவன் இன்னும் சவுண்டா கத்துவான்.” குரலைத் தாழ்த்தினான். “நீ அங்க மேட்சே ஆடல, இல்ல?”

ஆடினேன் என்று சாதித்திருக்கலாம். அவன் கண்ணைப் பார்த்தபோது முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், மலை ஊர் உட்பட. எட்டு வருடத்தில் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவன் விசில் கயிற்றை விரலில் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தான். அது எனக்குப் போதவில்லை. “உனக்கு என்னடா தெரியும்? ஒருத்தன் ஆடறதுக்காக இன்னொருத்தன் வருஷக்கணக்கா நிக்கிறது எப்படி இருக்கும்னு உனக்கு என்ன தெரியும்?” என்றேன்.

அவன் குழாயை மூடினான்.

“எனுக்குத் தெரியாதா? ஏழு வருசம் உனுக்கு பந்து எறிஞ்சது யாரு? பெஞ்சுல குந்திகினு இருந்தது யாரு? நாம பத்து கோல் லீடுல நிக்கிற மேட்ச்சுல, கடசி அஞ்சு நிமிசம், நீ எறங்குடான்னு ஒரு நாள் சொல்லிகீறியா? ஒரே ஒரு நாள்?”

நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட இல்லை. அப்படி ஒன்று செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

“உடு. யாராண்டயும் சொல்ல மாட்டேன். உங்கப்பா மொகத்த பாத்தா சொல்ல வருமா?” என்று சொல்லிவிட்டு விசிலைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

எனக்கு அப்போது வருத்தம் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. எட்டு வருடம் கடல் தாண்டிப் போய்ப் பட்ட துக்கம் ஒன்றுதான் எனக்கே எனக்கென்று இருந்தது. அதையும் அவன் எனக்கு முன்பே, இதே மைதானத்தில், ஒரு சத்தமும் போடாமல் அனுபவித்து முடித்திருந்தான்.

வேலை தேட வேண்டியிருந்தது. சென்னீர்குப்பம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். ஓமன் கிளப் கொடுத்த கடிதம் அரபியில் இருந்ததால், பூந்தமல்லியில் அரபி சொல்லிக்கொடுக்கும் பெரியவர் ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொண்டுபோனேன். பேருந்தில் துணைக்கு வருகிறேன் என்று மனைவியும் வந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். இன்னார், விளையாட்டுச் சாமான்களைப் பராமரிக்கும் உதவியாளராக நல்லொழுக்கத்தோடு பணிபுரிந்தார்.

“விளையாடினதப் பத்தி ஒண்ணும் போடலையா பாய்?” என்று மனைவி கேட்டாள்.

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். “இல்லம்மா. இவ்ளோதான் இருக்கு.”

திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பிறகு, “ஒண்ணுகூடவா ஆடல?” என்றாள்.

“ஒண்ணு ஆடினேன். பாதி.”

“பாதி” என்று சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “மாமாகிட்ட சொல்லிடாதீங்க” என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. யாராவது வீட்டுக்கு வந்து அந்தப் போட்டோவைப் பார்த்து விசாரித்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அப்பா பொழுது போகாமல் டி.வி. செய்திகளை ஒன்று விடாமல் பார்ப்பார். யூகோஸ்லாவியாவில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். “ஏலே, நீ ஆடுன தேசம்லா எரியுது! உங்கூட ஆடுனவங்க என்ன ஆனாங்களோ. ஒரு காயிதம் போடுலே.” சரி என்றேன். அவர் விடவில்லை. “போட்டியா?” என்று தினமும் கேட்டார். யாருக்கு எழுதுவது? கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்ற அந்தக் கிழவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அதன் பிறகு தபால்காரர் தெருவில் வந்தால் அப்பா வாசலுக்குப் போய் நிற்பார். ஏழெட்டு மாதம் நின்றார். பதில் வராததால் அவர்கள் செத்துப்போய்விட்டார்கள் என்று தானே முடிவு செய்து, ஒரு சாயங்காலம் என் தோளில் கை வைத்து, “மனசத் தேத்திக்கலே” என்றார். நான் தேற்றிக்கொள்வதுபோல உட்கார்ந்திருந்தேன்.

அந்த மொழிபெயர்ப்பை நான் பள்ளிக்குக் கொண்டுபோகவில்லை. வேறு வழியில்லாமல் சிநேகிதனிடம் போனேன். அவன் அப்போது மாவட்ட ஹேண்ட்பால் சங்கத்தில் பொறுப்பில் இருந்தான். ஒரு வார்த்தையும் கேட்காமல் சட்டையை மாற்றிக்கொண்டு என்னோடு வந்தான். பிரின்சிபால் முன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அலுவலகத் தமிழில், “சார், இவர் ஐந்து நாடுகளில் ஆடியவர். இவருக்குக் கீழேதான் நான் ரிசர்வ் கீப்பராக இருந்தேன். இவர் போன பிறகுதான் எனக்கு வாய்ப்பே கிடைத்தது” என்றான். முதல் வரி பொய். மற்ற இரண்டும் உண்மை. மூன்றையும் ஒரே குரலில் சொன்னான். சங்கத்தின் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். பிரின்சிபால் எழுந்து எனக்குக் கை கொடுத்தார்.

படியிறங்கி வரும்போது, “வா மாமே, டீ சாப்டலாம்” என்றான்.

“இல்லடா, வேலை இருக்கு” என்றேன். திங்கட்கிழமை வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவன் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனதும் எதிரே இருந்த கடையில் நான் மட்டும் ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

அந்தப் பள்ளியில்தான் இருக்கிறேன். பிள்ளைகளுக்கு அணிவகுப்பும் த்ரோபாலும் சொல்லிக்கொடுக்கிறேன். ஹேண்ட்பாலுக்கு இடம் கிடையாது, நான் கேட்டதும் இல்லை. ஆண்டுவிழா அழைப்பிதழில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘முன்னாள் சர்வதேச வீரர்’ என்று போடுகிறார்கள். அழித்துவிடச் சொல்லலாம். சொன்னால் அவன் போட்ட கையெழுத்து பொய் என்றாகிவிடும், அவனுக்குத்தான் கெட்ட பெயர் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்கிறேன். அவனைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அவன் மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. மனைவி மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வந்தாள்.